ஒரு பைட்டின் பின்னால் நடங்கள்: சீரியல் போர்ட் டிரைவர் ரிவ்யூவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் ஓட்டமானிகள் இருக்கும். எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று அளந்து, முறுக்கிய இரண்டு கம்பி வழியே ஆர்எஸ்-485 முறையில் அவை சொல்லும். மறுமுனையில் அதைக் கேட்டு எழுதிக்கொள்வது உள்ளங்கை அளவு லினக்ஸ் போர்டு. அந்த மாதிரி போர்டுகளுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. கம்பிக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நிற்பது சீரியல் போர்ட் டிரைவர். அது ஒரு பைட்டைத் தொலைத்தால் சத்தமே வராது. மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து கெர்னல் பேட்ச் படிக்கிறோம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் நிரல் மாற்றம்தான் பேட்ச். அதைப் படித்துப் பிழை தேடுவது ரிவ்யூ. வேலூர் வெயில் ஏறுவதற்குள், பத்தரைக்குள் முடித்துவிடுவோம். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்பது இதைத்தான்: "அக்கா, எனக்கு டிரைவர் எழுதவே வராது. இன்னொருத்தர் எழுதினதுல நான் என்ன சொல்ல முடியும்?" நிறையச் சொல்ல முடியும். எழுதியவர் கண்ணுக்குத் தன் நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தாரோ அதுதான் தெரியும். உங்கள் கண்ணுக்கு அது என்ன செய்கிறதோ அது தெரியும். அந்த இடைவெளியில்தான் பிழை உட்கார்ந்திருக்கும்.

நாங்கள் பின்பற்றும் முறை எளிது. கோப்பை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டாம். ஒரு பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியிலிருந்து பயனர் நிரல் வரை அது வரும் வழியில் கூடவே நடங்கள். அப்புறம் பயனர் நிரலிலிருந்து கம்பிக்குப் போகும் வழியில் நடங்கள். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நொடியில் இதே இடத்துக்கு வேறு யார் வரலாம்?

முதலில் தாள், பிறகு திரை

பேட்ச்சைத் திறப்பதற்கு முன், அந்த டிரைவர் இயக்கும் யூஆர்ட்டின், அதாவது கம்பியில் பைட்டை அனுப்பிப் பெறும் சிப்பின், டேட்டாஷீட்டைத் திறங்கள். ஒரு வெள்ளைத் தாளில் ரிஜிஸ்டர்களை, அதாவது டிரைவர் சிப்போடு பேசும் சின்னச் சின்ன முகவரி இடங்களை, வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு குறிப்பு: எழுதினால் என்ன ஆகும், படித்தால் என்ன ஆகும்.

இரண்டாவது குறிப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்தது 8250 சிப். அதன் வழி வந்த 16550ஏ வகைதான் இன்றும் பல சிப்களுக்குள் இருக்கிறது. அதில் டேட்டா ரிஜிஸ்டரைப் படித்தால் ஒரு பைட் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடும். லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்தால் பிழை பிட்கள் அழிந்துவிடும். இன்டரப்ட் என்பது சிப் சிபியுவைக் கூப்பிடும் சைகை. இன்டரப்ட் அடையாள ரிஜிஸ்டரைப் படித்தால், "அனுப்பும் இடம் காலி" என்ற இன்டரப்ட் தான் காரணமாக இருந்தால், அதுவே தீர்ந்துபோகும். ஆக, பேட்ச்சில் யாராவது பிழை தேடுவதற்காக ஒரு ரிஜிஸ்டரைப் படித்து அச்சிடும் வரியைச் சேர்த்திருந்தால், அது வெறும் வேடிக்கை பார்க்கும் வரி கிடையாது. அடுத்து அதே ரிஜிஸ்டரைப் படிக்கிற உண்மையான நிரலுக்குப் பிழை பிட் கிடைக்காமல் போகும்.

இன்னொன்று. அதே சிப்பில் ஒரே முகவரியில் இரண்டு ரிஜிஸ்டர்கள் குடியிருக்கும். லைன் கன்ட்ரோல் ரிஜிஸ்டரின் 7-ஆம் பிட்டை ஏற்றினால் டேட்டா ரிஜிஸ்டர் இருந்த இடத்தில் பாட் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகத்தை, அமைக்கும் வகுஎண் வந்து உட்காரும். அந்தப் பிட் ஏறியிருக்கும் நேரத்தில், இன்டரப்ட் வந்ததும் ஓடும் செயலான இன்டரப்ட் ஹேண்ட்லர் உள்ளே வந்து "டேட்டா" படித்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "வேறு யார் வரலாம்" என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

தாள் தயாரானதும் பேட்ச்சின் விளக்கவுரையைப் படியுங்கள். என்ன மாற்றினார் என்பதை நிரலே சொல்லும். ஏன் மாற்றினார் என்பது விளக்கவுரையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் கேள்வி. பிறகு பேட்ச்சைக் கெர்னல் மரத்தில் ஏற்றி, கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். செக்பேட்ச் ஸ்கிரிப்டையும், நிரலை ஓட்டாமலே வகைப் பிழைகளைத் தேடும் ஸ்பார்ஸ் கருவியையும் ஓட்டுங்கள். இடைவெளி, தாவல், வரி நீளம் எல்லாவற்றையும் செக்பேட்ச் பார்த்துக்கொள்ளும். உங்கள் நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

எந்த டிரைவரில் தொடங்குவது? கெர்னலில் டிரைவர்ஸ், அதற்குள் டிடிஒய், அதற்குள் சீரியல் என்ற அடைவில் டஜன் கணக்கில் இருக்கின்றன. 8250-இல் தொடங்காதீர்கள். நாற்பது வருடச் சிப்களின் குறைகளை எல்லாம் சுமந்துகொண்டு நிற்கும் நிரல் அது. யூஆர்ட்லைட் என்று ஒன்று இருக்கிறது. ரிஜிஸ்டர்கள் நான்குதான், பாட் ரேட்டும் வன்பொருளிலேயே நிலையாக இருக்கும். அதை ஒரு வாரம் வாசித்தால் எலும்புக்கூடு பிடிபடும். அதன்பின் ஏஆர்எம் உலகின் பிஎல்011 டிரைவருக்குப் போகலாம்.

உள்ளே வரும் பைட்

கோடைக்காலத்தில் எங்கள் ஊர்த் தெருக்குழாயைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தண்ணீர் வரும் நேரம் குழாய் யாருக்காகவும் காத்திருக்காது. குடம் நிறைந்ததும் அடுத்த குடத்தை வைக்க வேண்டும். ஆள் வரத் தாமதமானால் தண்ணீர் தரையில் போகும். 16550ஏ சிப்பின் ஃபிஃபோவில், அதாவது பைட்கள் வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில், 16 குடங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 115200 பாட், 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட். ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்தால் ஒரு பைட்டுக்கு 10 பிட். நொடிக்கு 11,520 பைட். ஒரு பைட்டுக்குச் சுமார் 87 மைக்ரோ நொடி. 16 இடமும் நிரம்ப 1.4 மில்லி நொடிக்குக் கொஞ்சம் குறைவு. டிரைவர் "14 நிரம்பியதும் என்னைக் கூப்பிடு" என்று அமைத்திருந்தால் மீதி இரண்டே இடம். கூப்பிட்ட பிறகு அவை நிரம்ப சுமார் 170 மைக்ரோ நொடிதான். பேட்ச் ஒன்று இந்த அளவை 8-இலிருந்து 14-ஆக உயர்த்தி "இன்டரப்ட் எண்ணிக்கை குறைகிறது" என்று சொன்னால், இந்தக் கணக்கை எழுதி, "இதைவிடத் தாமதமாக இன்டரப்ட் வரக்கூடிய போர்டு எதிலாவது சோதித்தீர்களா?" என்று கேளுங்கள். அனுபவம் இல்லாதவர் கேட்டாலும் கனம் உள்ள கேள்வி அது.

இப்போது ஹேண்ட்லருக்குள் நடப்போம். அது முதலில் பார்க்க வேண்டியது, இந்த இன்டரப்ட் தன்னுடையதுதானா என்று. பல சாதனங்கள் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பகிரலாம். தன்னுடையது இல்லையென்றால் "நான் இல்லை" என்று திரும்ப வேண்டும். சில டிரைவர்கள் எப்போதும் "நான் கவனித்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகின்றன. அது பொய்ச் சாட்சி. 1,00,000 இன்டரப்ட்களில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்காமல் போனால் அந்தக் கம்பி பழுது என்று முடிவு செய்து கெர்னல் அதை அணைத்துவிடும். டிரைவர் பொய் சொன்னால் அந்தக் காவல் வேலை செய்யாது. போர்டு இன்டரப்ட் வெள்ளத்திலேயே மூழ்கிக் கிடக்கும்.

அடுத்தது படிக்கும் சுற்று. ஸ்டேட்டஸ் படி, பைட் படி, எண்ணிக்கையைக் கூட்டு, பிழை இருந்தால் குறி, பயனர் நிரலுக்கும் டிரைவருக்கும் நடுவில் உள்ள டிடிஒய் அடுக்குக்குக் கொடு, மறுபடி ஸ்டேட்டஸ் படி. இந்தச் சுற்றுக்கு உச்சவரம்பு உண்டா என்று பாருங்கள். 8250 டிரைவர் ஒரு முறைக்கு 256 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். வரம்பே இல்லாத சுற்றில், ஸ்டேட்டஸ் பிட் சிக்கிக்கொண்ட பழுதான சிப் ஒன்று முழு சிபியுவையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிழை வகைகளைப் பார்க்கும் வரிசையும் முக்கியம். பிரேக் வந்தால், அதாவது கம்பி நீண்ட நேரம் தாழ்ந்தே இருந்தால், சிப் பெரும்பாலும் ஃப்ரேமிங் பிழையையும், அதாவது ஸ்டாப் பிட் தன் இடத்தில் இல்லை என்பதையும், கூடவே காட்டும். டிரைவர் பிரேக்கை முதலில் பார்த்து, ஃப்ரேமிங், பாரிட்டி பிட்களை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே நிகழ்வு இரண்டு கணக்கில் ஏறும். ஓவர்ரன் வேறு சாதி. கையில் இருக்கும் பைட் நல்ல பைட். அதற்குப் பிறகு வந்தது ஒன்று தொலைந்தது என்பதுதான் அதன் பொருள். ஓவர்ரன் பிட்டைப் பார்த்ததும் கையில் இருக்கும் பைட்டையே தூக்கி எறியும் டிரைவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்று தொலைந்ததற்கு இரண்டு தொலைந்தது.

வெளியே போகும் பைட்

பயனர் நிரல் எழுதுகிறது. அது டிடிஒய் அடுக்கின் லைன் டிசிப்ளின் என்ற பகுதி வழியாக வந்து, ஒரு பக்க அளவு, அதாவது வழக்கமாக 4096 பைட் உள்ள அனுப்பு வரிசையில் உட்காரும். சீரியல் டிரைவர்களுக்குப் பொதுவான கெர்னல் நிரலான சீரியல் கோர், அனுப்பத் தொடங்கச் சொல்லி டிரைவரின் ஸ்டார்ட் டிஎக்ஸ் செயலைக் கூப்பிடும். அது பெரும்பாலும் "அனுப்பும் இடம் காலி" இன்டரப்ட்டை இயக்கிவிட்டுத் திரும்பிவிடும். மீதி வேலை ஹேண்ட்லருடையது: ஃபிஃபோவில் இடம் இருக்கும் வரை வரிசையிலிருந்து எடுத்துப் போடு, வரிசையில் 256-க்குக் கீழே போனால் எழுதுபவரை எழுப்பு, வரிசை காலியானால் இன்டரப்ட்டை அணை. கடைசி வேலையை மறந்தால் இன்டரப்ட் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். பழைய டிரைவர்களில் இந்த வரிசை வட்டத் தாங்கியாக இருந்தது. 2024-இல் வந்த 6.10 கெர்னலில் அது கெர்னலின் பொதுவான வரிசை வசதியான கேஃபிஃபோவாக மாறியது. பழைய மரத்துக்கு எழுதிய பேட்ச்சை யாராவது தூசி தட்டி அனுப்பினால் இங்கேதான் முதலில் இடறும்.

இந்தப் பகுதியில் நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அது இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

ஆர்எஸ்-485 கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பேசுவதற்கு முன் திசைக் கம்பியை ஏற்ற வேண்டும், பேசி முடித்ததும் இறக்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய டிரைவர் மாற்றத்தை நான்தான் ரிவ்யூ செய்தேன். அனுப்பு வரிசை காலியாகி, "இடம் காலி" இன்டரப்ட் வந்ததும் திசைக் கம்பியை இறக்கினார்கள். படித்தபோது சரியாகத்தான் பட்டது. மேசையில் சோதித்தோம், ஓடியது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் பொருத்தினோம். ஓட்டமானி பதிலே சொல்லவில்லை.

கம்பியை மாற்றினோம். இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடையை மாற்றினோம். கடைசியில் என்ன நடக்கிறது என்று பார்க்க, திசைக் கம்பியை இறக்கும் வரிக்கு முன்னால் ஒரு அச்சிடும் வரியைச் சேர்த்தேன். உடனே எல்லாம் வேலை செய்தது. வரியை எடுத்தேன், நின்றது. சேர்த்தேன், ஓடியது.

காரணம் இது. யூஆர்ட்டில் ஃபிஃபோவுக்குப் பின்னால் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஒன்று இருக்கிறது. பைட்டைப் பிட் பிட்டாகக் கம்பியில் தள்ளுவது அதுதான். "இடம் காலி" என்று லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரின் 5-ஆம் பிட் சொல்லும்போது ஃபிஃபோ மட்டுமே காலி. கடைசி பைட் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் பாதி வழியில் இருக்கும். 9600 பாட்டில் அது வெளியே போக 1 மில்லி நொடிக்குக் கொஞ்சம் அதிகமாகும். அதற்குள் நாங்கள் கம்பியை இறக்கிவிட்டோம். ஓட்டமானி பேசும் மோட்பஸ் நெறிமுறையில் ஒரு படிப்புக் கேள்வி 8 பைட், கடைசி 2 பைட் சரிபார்ப்புத் தொகை. அதில் கடைசி பைட் அறுந்தது, தொகை பொருந்தவில்லை, ஓட்டமானி முறைப்படி மௌனமாக இருந்தது. அச்சிடும் வரி என்ன செய்தது? கெர்னல் செய்திகள் போகும் 115200 பாட் கன்சோலில் 40 எழுத்து அச்சிட ஏறக்குறைய மூன்றரை மில்லி நொடி. அந்த அவகாசத்தில் கடைசி பைட் நிதானமாகப் போய்ச் சேர்ந்தது. மேசையில் ஓடியதற்குக் காரணம், அங்கே திசைக் கம்பியே தேவைப்படாத மூன்று கம்பி இணைப்பில் சோதித்ததுதான்.

பார்க்க வேண்டிய பிட் 6-ஆம் பிட். அனுப்பும் பகுதி முழுவதும், ஷிஃப்ட் ரிஜிஸ்டர் உட்பட, காலி என்று அது சொல்லும். அந்த டேட்டாஷீட் என் மேசையிலேயே இருந்தது. நான் தாளில் எழுதிப் பார்த்திருந்தால் இரண்டு பிட்டுக்கும் பெயர் வேறு, பொருள் வேறு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மேலே "முதலில் தாள்" என்று நான் இவ்வளவு அழுத்திச் சொன்னது இதனால்தான்.

நீங்கள் பார்க்கும்போது: எல்லாம் போய்விட்டதா என்று சொல்லும் டிஎக்ஸ் எம்ப்டி செயல் எந்தப் பிட்டைப் பார்க்கிறது? திசைக் கம்பி எப்போது இறங்குகிறது? ஷட்டவுன், பாட் ரேட் மாற்றம் இரண்டும் கடைசி பைட் போகும் வரை பொறுக்கின்றனவா?

பூட்டு

ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் தொடாமல் காப்பது பூட்டு. சீரியல் டிரைவரில் இரண்டு பூட்டுகளை மனதில் வையுங்கள். ஒன்று போர்ட்டின் ஸ்பின் லாக்: ரிஜிஸ்டர்களையும் அனுப்பு வரிசையையும் காப்பது. அதைப் பிடித்திருக்கும்போது தூங்கக் கூடாது, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்து எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று மியூடெக்ஸ்: போர்ட்டைத் திறப்பது, மூடுவது, அமைப்பை மாற்றுவது ஆகியவற்றைக் காப்பது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கலாம்.

குடியாத்தத்திலிருந்து வரும் தம்பி ஒருவன், மூன்றாவது ஞாயிறு, இதை வைத்தே ஒரு பிழையைப் பிடித்தான். "அக்கா, ஸ்டார்ட் டிஎக்ஸ் உள்ள மெமரி கேக்குறாங்க. சாதாரண முறையில கேட்டா தூங்கலாம்தானே? இதைக் கூப்பிடும்போது கோர் ஏற்கெனவே லாக்கைப் பிடிச்சிருக்குமே?"

"எங்க பாத்த?"

"சீரியல் கோர்ல. கூப்பிடுற இடத்துக்கே போயிப் பாத்தேன்."

அவ்வளவுதான் ரகசியம். செயலுக்குள் மட்டும் பார்த்தால் பூட்டே கண்ணில் படாது. கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். எந்தச் செயல் எந்தப் பூட்டோடு கூப்பிடப்படுகிறது என்று கெர்னல் ஆவணத்தில் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். அதை உங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பூட்டை எடுக்கும் விதம். வேகம், பாரிட்டி போன்ற அமைப்பை மாற்றும் செட் டெர்மியோஸ் செயல் சாதாரண சூழலில், இன்டரப்ட்டுக்கு வெளியே, ஓடும். அங்கே ஸ்பின் லாக்கை எடுக்கும்போது இன்டரப்ட்டையும் அணைத்தே எடுக்க வேண்டும். அணைக்காமல் எடுத்தால், அதே சிபியுவில் அந்த நொடி இன்டரப்ட் வரும், ஹேண்ட்லர் அதே பூட்டுக்காகச் சுற்றும், பூட்டை விட வேண்டியவரோ ஹேண்ட்லர் முடியட்டும் என்று நிற்பார். இரண்டும் நகராது. 6.7 கெர்னலிலிருந்து போர்ட் பூட்டுக்கென்று தனி உறைச் செயல்கள் வந்திருக்கின்றன. புதிய பேட்ச் இன்னும் நேரடியாக ஸ்பின் லாக்கைத் தொட்டால் மாற்றச் சொல்லுங்கள்.

கன்சோல் எழுதும் செயலைத் தனியாகப் பாருங்கள். கெர்னல் நிலைகுலையும்போது கடைசி வார்த்தை அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஒருவேளை பூட்டைப் பிடித்திருந்த நிரலே நிலைகுலைந்திருக்கலாம். அப்போது கன்சோல் செயல் பூட்டுக்காகக் காத்தால் அந்தக் கடைசி வார்த்தை வராது. அதனால் அவசர நிலையில் முயன்று பார், கிடைக்காவிட்டாலும் எழுது என்ற பாதை இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல, ஃபிஃபோ காலியாகட்டும் என்று காத்திருக்கும் சுற்றுக்குக் கால வரம்பு இருக்க வேண்டும்.

வேகக் கணக்கு

இதைக் காகிதமும் கால்குலேட்டரும் வைத்துச் செய்யலாம். புதியவர்கள் தைரியமாக முதலில் கையில் எடுக்க ஏற்ற இடம்.

உள்ளீட்டு க்ளாக்கை 16-ஆலும் வேண்டிய பாட்டாலும் வகுத்தால் வகுஎண். பழைய பிசியில் 1.8432 மெகாஹெர்ட்ஸ், 16-ஆல் வகுத்தால் துல்லியமாக 1,15,200. 9600 வேண்டுமென்றால் வகுஎண் 12. எல்லாம் முழு எண்ணில் முடியும். இன்றைய போர்டில் க்ளாக் 25 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 38400-க்கு வகுஎண் 40.69. நிரல் வெறுமனே வகுத்தால் பின்னம் அறுந்து 40 கிடைக்கும். உண்மையான வேகம் 39,062, பிழை 1.7 சதவீதம். அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் 41, பிழை 0.8 சதவீதத்துக்கும் கீழே. 230400-க்குப் போனால் 6.78. அறுத்தால் 6, பிழை 13 சதவீதம், ஒரு எழுத்தும் சரியாக வராது. 7 என்றால் சுமார் 3.1.

எவ்வளவு பிழை தாங்கும்? பெறும் பக்கம் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பிலிருந்து எண்ணத் தொடங்கி, ஸ்டாப் பிட்டின் நடுவை ஒன்பதரை பிட் கழித்துத் தொடும். அங்கே அரை பிட் நகர்ந்தால் தவறான பிட்டைப் படிக்கும். ஆக, இரு பக்கமும் சேர்ந்து ஐந்து சதவீதம் சொச்சம். பக்கத்துக்கு 2-க்குள் வைத்தால் நிம்மதி. பேட்ச்சில் வகுத்தல் குறியைப் பார்த்ததும் "அருகிலுள்ள முழு எண்ணா, அறுத்த எண்ணா" என்று கேளுங்கள். கிடைக்காத வேகத்தைக் கேட்டால் உண்மையில் எந்த வேகம் அமைந்தது என்பதை டெர்மியோஸில் திருப்பி எழுதுகிறதா, சிப்பால் முடியாத பாரிட்டி வகைகளின் பிட்டை நீக்கிவிடுகிறதா என்றும் பாருங்கள். செய்யாததைச் செய்ததாகப் பயனரிடம் சொல்லக் கூடாது.

இல்லாததைப் பார்ப்பது

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது, கோட்டை இருக்கும், ராஜா இருக்க மாட்டார், கோயில் இருக்கும், சாமி இருக்காது. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-இல் லிங்கம் மறுபடி வைக்கப்படும் வரை கோயில் பற்றிய பகுதி நேர் உண்மை. பேட்ச் படிக்கும்போது எனக்கு இந்தப் பேச்சு உதவுகிறது. சேர்த்த வரி பச்சையிலும் நீக்கிய வரி சிவப்பிலும் தெரியும். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத வரிக்கு நிறம் கிடையாது.

அதனால் ஜோடி ஜோடியாகத் தேடுங்கள். ஸ்டார்ட்அப்பில் க்ளாக்கை இயக்கினால் ஷட்டவுனில் அணைக்க வேண்டும். ஸ்டார்ட்அப் பாதியில் தோற்றால், அதுவரை எடுத்ததெல்லாம் எடுத்த வரிசைக்குத் தலைகீழாகத் திரும்பப் போக வேண்டும். அடிக்கடி வருகிற ஒன்றைக் காட்டுகிறேன். சாதனத்தோடு கட்டி வைத்து, சாதனம் நீங்கும்போது கெர்னலே விடுவிக்கும் வகை இன்டரப்ட் பதிவு ஒன்று உண்டு. பெயரில் டெவ்எம் என்று தொடங்கும். வசதியானது. ஆனால் அதை ஸ்டார்ட்அப்புக்குள் வைத்தால்? போர்ட்டை முதல் முறை திறக்கிறீர்கள், பதிவாகிறது. மூடுகிறீர்கள், சாதனம் நீங்கவில்லை, அதனால் இன்டரப்ட் விடுபடவில்லை. மறுபடி திறந்தால், "ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்று மறுக்கிறது. ஒரே முறை திறந்து சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. ஸ்டார்ட்அப்பில் சாதாரணப் பதிவு, ஷட்டவுனில் விடுவிப்பு: அதுதான் ஜோடி.

ஓட்டிப் பார்ப்பது

கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஎமு இருந்தால் வன்பொருள் இல்லாமலே தொடங்கலாம். அதன் ஏஆர்எம் விர்ட் இயந்திரத்தில் பிஎல்011, எக்ஸ்86 இயந்திரத்தில் 16550 வகை கிடைக்கும். கெர்னலில், பூட்டு எடுக்கும் முறையைக் கண்காணிக்கும் லாக்டெப் சோதனையையும், தூங்கக் கூடாத இடத்தில் தூங்கினால் கத்தும் சோதனையையும் இயக்கி வையுங்கள். பூட்டுப் பிழைகளில் பாதி தானாக வந்து நிற்கும். ஆனால் கியூஎமுவில் கம்பி கிடையாது. ஒரு பிட் போக எடுக்கும் நேரம், பாட் பிழை, என் கதையில் வந்த அறுந்த பைட் எதுவும் அங்கே தெரியாது.

அதற்கு ஒரு போர்டும், 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் அடாப்டரும், மூன்று ஜம்பர் கம்பியும் போதும். பழைய ஆர்எஸ்-232 ஒன்பது முள் இணைப்பை நேராகப் போர்டின் முள்ளில் செருகிவிடாதீர்கள். அதில் வரும் மின்னழுத்தத்தில் சிப் கருகிவிடும்.

அனுப்பும் முள்ளையும் பெறும் முள்ளையும் ஒரு கம்பியால் இணைத்து ஒரு மெகாபைட் கோப்பை அனுப்பி, வந்ததை ஒப்பிடுங்கள். இது பாட் பிழையைக் காட்டாது என்பதை மறக்க வேண்டாம். இரு பக்கமும் ஒரே க்ளாக். அதற்கு அடாப்டர் வேண்டும். சிபியுவுக்கு வேறு சுமை கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். 8250 வகை என்றால் புராக் அடைவில் டிடிஒய், டிரைவர், சீரியல் என்ற கோப்பைத் திறந்தால் எத்தனை பைட் போனது, வந்தது, எத்தனை ஓவர்ரன், எத்தனை ஃப்ரேமிங் பிழை என்று இருக்கும். தரவு ஓடும்போதே பாட் ரேட்டை மாற்றிப் பாருங்கள். போர்ட்டை ஆயிரம் முறை திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

எழுதுவது

கண்டதை எழுதும்போது, சம்பந்தப்பட்ட வரிகளை மேற்கோள் காட்டி அதற்கு நேர் கீழே எழுதுங்கள். "இது தவறு" என்று எழுதாமல், நடக்கும் வரிசையை எழுதுங்கள்: இந்தச் சிபியு இந்தப் பூட்டைப் பிடிக்கிறது, அப்போது இன்டரப்ட் வருகிறது, ஹேண்ட்லர் இந்த வரிக்கு வருகிறது, இப்படிச் சிக்குகிறது. வரிசையை எழுதும்போதே சில சமயம் பிழை இல்லை என்று உங்களுக்கே புரிந்துவிடும். அதுவும் நல்லதுதான். எளிய ஆங்கிலம் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. தெரியாததைக் கேள்வியாகவே கேளுங்கள். தம்பி எழுதியதும் கேள்விதான், நான்கு வரி. மூன்று நாளில், பேட்ச்சை எழுதியவர் நன்றி சொல்லி, அந்த மெமரியை ஸ்டார்ட்அப்பிலேயே எடுத்து வைக்கும்படி மாற்றி இரண்டாம் பதிப்பு அனுப்பினார்.

"ரிவ்யூ செய்தேன்" என்ற குறியைச் சுலபமாகக் கொடுக்காதீர்கள். நிரலைப் படித்தேன், எனக்குத் தெரிந்தவரை சேர்க்கத் தகுந்தது என்று உங்கள் பெயரில் கொடுக்கும் உறுதி அது. கெர்னல் வரலாற்றில் நிரந்தரமாக இருக்கும். ஓட்டி மட்டும் பார்த்திருந்தால் அதற்குத் தனியாக "சோதித்தேன்" குறி இருக்கிறது. எந்தப் போர்டில், எந்த வேகத்தில் என்று ஒரு வரி சேர்த்து அதைக் கொடுங்கள்.

இரண்டாம் பதிப்பு வந்ததும் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. கிட் கருவியின் ரேஞ்ச்-டிஃப் கட்டளை இரண்டு பதிப்புக்கும் நடுவே என்ன மாறியது என்று மட்டும் காட்டும். நீங்கள் கேட்டது சரியாகியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்காத இடத்தில் ஏதாவது மாறியிருந்தால், தாளை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஒரு பைட்டோடு நடந்துவிட்டு வாருங்கள்.